பிரெஞ்சு நாட்டுப்புறப் பாதைகளும் மலைச் சைக்கிளும்

பிரான்சு நாட்டின் கிராமப்புறத்திலே வண்டி செல்லாத வண்டிப் பாதைகள் எண்ணில. குதிரையும் எருதும் இழுத்த வண்டிகளுக்காக ஏற்பட்ட ஒழுங்கைகள் அவை. வயலுக்கு எருவும் வயலிலிருந்து தானியமும், ஆலைக்குக் கோதுமையும் ஆலையிலிருந்து மாவும், கோயிலுக்கு மணமக்களும் மயானத்துக்குப் பிரேதமும் ஒரு காலத்தில் அவ்வழியாகவே சென்றன. இன்று அக்குதிரையும் இல்லை, அவ்வண்டியும் இல்லை. உழவு இயந்திரத்துக்கு அவ்வழி ஒடுக்கமானது. மோட்டார் வண்டிக்கோ தார்த் தெரு உண்டு. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அத்தகைய ஒழுங்கையொன்றின் ஓரத்தில் நிற்பவர், தலைக்கவசம் அணிந்து, முழங்கால்வரை சேறு தெறித்த ஆடவரும் மகளிரும், தடித்த சில்லுகளையுடைய துவிச்சக்கர வண்டிகளில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதைக் காண்பர்.

இவ்வண்டியைப் பிரெஞ்சு மக்கள் 'வெலோ து தெரேன்' என்பர். எந்நிலத்துக்கும் ஏற்ற சைக்கிள் என்பது அதன் பொருள். முதலெழுத்துக்களை மாத்திரம் கூட்டி 'வே-தே-தே' என்று சுருக்கி வழங்குவதே பெருவழக்கு. ஆங்கிலத்தில் இதற்கு மலைச் சைக்கிள் என்ற பெயர் வழங்குவதால், மலைச்சரிவில் ஓடுவதொன்றே இதன் தொழில் எனச் சிலர் எண்ணுதல் கூடும். பிரான்சில் மலையென்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாத மாவட்டங்களிலும் இது ஓடுகின்றது. பிரெஞ்சுப் பெயர் மலையைச் சுட்டாது நிலத்தைச் சுட்டுவது பொருத்தமே.

அந்நிலத்துப் பாதைகள் எவ்வாறு தோன்றின? அவற்றை எந்தப் பொறியியலாளரும் வரைபடம் கீறி அமைத்ததில்லை. பிரித்தனி, நோர்மண்டி முதலிய மேற்குப் பகுதிகளில் 'குழிந்த பாதை' எனப்படும் ஒழுங்கைகள் பல உள. இருமருங்கும் ஆளுயர மண்வரம்பு. வரம்பின் மேல் ஓக் மரமும் செஸ்நட் மரமும் நெருங்கி வளர்ந்து, கிளைகள் மேலே கைகோத்துப் பந்தலிட்டிருக்கும். நண்பகலிலும் உள்ளே பச்சை நிழல். வண்டிச் சில்லு மண்ணைத் தளர்த்தியது. மாட்டின் குளம்பு அதனைத் தூளாக்கியது. மழைநீர் அத்தூளை அள்ளிச் சென்றது. அயற்காணிக்காரன் தன் வாய்க்காலைத் துப்புரவு செய்தபோது எடுத்த மண்ணை வரம்பின்மேல் எறிந்தான். பல நூற்றாண்டுகள் இவ்வாறு கழியவே, பாதை தாழ்ந்தது, வரம்பு உயர்ந்தது. 1944 ஆம் ஆண்டில் நோர்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள், இந்த வேலிகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் இடையில் அகப்பட்டு வாரக்கணக்கில் தடுமாறின. கமக்காரன் மாட்டைத் தடுக்க வைத்த வேலி, போர்த் தாங்கியையும் தடுத்துவிட்டது.

தெற்கே செவென் மலைப்புறத்தில் கதை வேறு. அங்கே பாதையை வகுத்தவை ஆடுகள். கோடை தொடங்கியதும் தாழ்நிலத்திலே புல் கருகிவிடும். அப்பொழுது இடையர் தம் மந்தைகளை மலையுச்சி மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வர். குளிர் தொடங்குமுன் மீண்டும் இறக்குவர். மந்தை செல்லும் அவ்வழிகளைத் 'திராய்' என்பர். அவை பள்ளத்தாக்குகளைத் தவிர்த்து மலை முதுகின் மேலேயே நெடுந்தூரம் செல்லும். ஏனெனில், முகட்டில் ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை, பிறருடைய பயிரை ஆடுகள் மேய்ந்துவிடும் என்ற அச்சமும் இல்லை. கோசு, செவென் ஆகிய இப்பகுதிகளின் மேய்ச்சல் மரபை மதித்து 2011 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஆடு கண்ட வழியே சைக்கிளோட்டிக்கும் சிறந்த வழியாக அமைந்தது வியப்பன்று. வீண் ஏற்றமும் வீண் இறக்கமும் ஆட்டுக்கும் பிடிப்பதில்லை.

இப்பாதைகளுக்கு எழுத்து வடிவான சாட்சி நெப்போலியன் காலத்தில் ஏற்பட்டது. 1807 ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி நாடு முழுவதும் காணி காணியாக அளக்கப்பட்டுப் படம் வரையப்பட்டது. வரி விதிப்பதே அதன் நோக்கம். எனினும், அப்படங்களில் ஒவ்வொரு ஒழுங்கையும் குறிக்கப்பட்டது. இன்று ஒரு பாதை முன்னர் இருந்ததா இல்லையா என வழக்கு எழும்போது, மக்கள் முதலில் தேடிச் செல்வது அந்தப் பழைய காணிப் படத்தையே.

இவ்வளவு பழைமையான பாதைகள் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் விரைந்து மறையத் தொடங்கின. 1955 ஆம் ஆண்டில் பிரான்சில் ஏறத்தாழ 23 இலட்சம் கமங்கள் இருந்தன. 2020 ஆம் ஆண்டின் கமத்தொழிற் கணக்கெடுப்பில் எஞ்சியவை ஏறத்தாழ 3,90,000 மாத்திரமே. ஐந்தாறு கமங்கள் ஒன்றாகும்போது அவற்றுக்கு இடையிலிருந்த ஒழுங்கைக்கு வேலையில்லாது போகின்றது. இதனோடு, சிதறிக் கிடந்த சிறு காணித் துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பெரிய வயல்களாக மாற்றும் அரசாங்கத் திட்டமும் போருக்குப் பின்னர் முனைப்பாக நடைபெற்றது. உழவு இயந்திரம் தடையின்றித் திரும்ப வேண்டும் என்பதற்காக வரம்புகள் இடிக்கப்பட்டன. வேலி மரங்கள் வேரோடு பறிக்கப்பட்டன. 1950 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் வேலிகளுள் நூற்றுக்கு எழுபது பங்கு அழிந்துபோயிற்று என மதிப்பிடுவர். வேலி போன இடத்தில் வேலியோரப் பாதையும் போயிற்று. அத்திட்டத்தால் உணவு விளைச்சல் பெருகியது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. இழப்பின் கணக்கைத்தான் அக்காலத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை.

எஞ்சிய பாதைகளைத் தேடி முதலில் வந்தவர்கள் நடையாளர். நெடுந்தூர நடைபாதைகளுக்கான தேசியக் குழு 1947 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே லுவார் ஆற்றங்கரையில் முதற் பாதைக்கு அடையாளம் இடப்பட்டது. வெள்ளைக் கோடொன்றும் அதன்கீழ்ச் சிவப்புக் கோடொன்றும் மரத்திலும் பாறையிலும் தீட்டப்பட்டன. அந்த இரு கோடுகளை இன்று பிரான்சின் எப்பகுதியிலும் காணலாம். ஸ்கொட்லாந்து எழுத்தாளர் ரொபேட் லூயி ஸ்டீவன்சன் 1878 ஆம் ஆண்டில் மொடெஸ்தீன் என்ற கழுதையுடன் செவென் மலைகளைக் கடந்த வழியும் இவ்வாறு அடையாளமிடப்பட்ட பாதைகளுள் ஒன்று.

சைக்கிளோட்டி சற்றுப் பிந்தியே வந்தார். ஆயினும், சிலர் கருதுமளவுக்கு அவர் பிந்தியவரல்லர். சேன்ற் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் த விவி என்பவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரால் அறியப்பட்டவர், 1887 ஆம் ஆண்டிலேயே சைக்கிள் ஏடொன்றைத் தொடங்கி, ஏற்றங்களில் ஏறுவதற்குப் பல பற்சில்லுகள் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். பந்தயக்காரர் அதனை முதுமையின் அடையாளமென எள்ளினர். பிரான்சைச் சுற்றி வரும் புகழ்பெற்ற பந்தயத்தில் பற்சில்லு மாற்றும் கருவி 1937 ஆம் ஆண்டிலேதான் அனுமதிக்கப்பட்டது. உல்லாசப் பயணத்துக்காகச் சைக்கிளோடிய பிரெஞ்சு மக்களோ அதற்கு முன்னரே பல பற்சில்லுகளையும், 650பி என்ற அளவுள்ள சற்றுத் தடித்த டயர்களையும் விரும்பிப் பயன்படுத்தினர். கரடுமுரடான நாட்டுப்புறத் தெருக்களுக்கு அவையே ஏற்றவை.

1951 ஆம் ஆண்டு முதல் 1956 ஆம் ஆண்டுவரை பாரிசு நகரின் புறப்பகுதியில் இளைஞர் குழுவொன்று இவ்வகை வண்டிகளைத் தாமே திருத்தியமைத்துக் காட்டுப் பாதைகளிலும் மண்மேடுகளிலும் ஓடி விளையாடியது. அவர்கள் செய்ததற்கும் இன்றைய மலைச் சைக்கிளோட்டத்துக்கும் வேற்றுமை சிறிதே. ஆயினும், அது பரவாமல் அவர்களோடு ஓய்ந்தது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தமல்பாயிசு மலையடிவாரத்து இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கத் தொடங்கினர். 1976 ஆம் ஆண்டில் அவர்களுடைய முதற் பந்தயம் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜோ பிறீஸ், தொம் றிச்சி முதலியோர் இத்தொழிலுக்கென்றே சட்டங்களை அமைத்தனர். தொழிற்சாலைகளும் முன்வந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் அவ்வண்டி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து பிரான்சை அடைந்தது. மத்தியதரைக் கடலோரத்தில் 1984 ஆம் ஆண்டில் ரமதுவெல் என்ற ஊரிலே தொடங்கிய 'ரொக் தசூர்' என்னும் ஓட்டம், இன்று பிரெஜூஸ் நகரில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டுகின்றது. பிரான்சில் ஒரு காலத்தில் வழக்கிலிருந்த அந்த 650பி சில்லளவே, 2010 ஆம் ஆண்டுக்குப் பின் இருபத்தேழரை அங்குலம் என்ற புதுப் பெயருடன் உலகெங்கும் மலைச் சைக்கிள்களில் மீண்டும் வந்தது. பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிள்ளையின் கதைதான் இது.

மற்றைய சைக்கிள் செல்ல இயலாத வழியில் இவ்வண்டி செல்வது எவ்வாறு எனின், காரணம் பெரும்பாலும் டயரிலேயே உள்ளது. தெருவிலோடும் பந்தயச் சைக்கிளின் டயர் ஒடுங்கியது. காற்று இறுக்கமாக நிரப்பப்பட்டது. கல்லொன்று எதிர்ப்பட்டால் வண்டி முழுவதும் அதன்மேல் எழும்பி விழும். மலைச் சைக்கிளின் டயர் அகன்றது, காற்றழுத்தம் குறைந்தது. அது கல்லைச் சூழ்ந்து நெளிந்து கொடுக்கும். நிலத்தோடு பொருந்தும் பரப்பு மிகுதியாவதால் ஈர மண்ணிலும் பிடி தளராது. டயரின் முனைப்புகள் சேற்றைப் பற்றும். முன் கவையிலுள்ள விற்சுருளோ காற்றறையோ அதிர்ச்சியை விழுங்கும். மிகச் சிறிய பற்சில்லைத் தெரிந்துகொண்டால், நடப்பவரின் வேகத்திலேயே செங்குத்தான ஏற்றத்தையும் ஏறலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மின்மோட்டார் துணைசெய்யும் வண்டிகளும் பெருகிவிட்டன. மோட்டாரின் வலு 250 உவாற்றுக்கு மேற்படாமலும், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தை எட்டியவுடன் துணை நின்றுவிடுவதாயும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அதுவும் சைக்கிளே. இதனால், அறுபது வயதைக் கடந்தோரும் மலை முகட்டிற் காணப்படுகின்றனர்.

பிரெஞ்சுச் சைக்கிளோட்டச் சம்மேளனம் வகுத்த மலைச் சைக்கிள் பாதைகளுக்குத் தனி அடையாளம் உண்டு. ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும் தீட்டிய சிறு பலகை சந்திகளில் அறையப்பட்டிருக்கும். இரண்டு வட்டங்களும் இரு சில்லுகள் என்பது குழந்தைக்கும் விளங்கும். பச்சை நிறம் மிக எளிய பாதையையும், நீலம் எளியதையும், சிவப்புக் கடியதையும், கறுப்பு மிகக் கடியதையும் குறிக்கும். பனிச்சறுக்குச் சரிவுகளுக்கு வழங்கும் நிறவரிசையும் இதுவே. ஆதலின், பிரெஞ்சு மக்களுக்கு இதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வாறு அமைந்த நெடும்பாதைகளுள் பெரியது நாட்டின் நடுமலைத் தொகுதியைக் கடக்கும் பாதை. வடக்கே மோர்வான் பகுதியிலுள்ள அவலோன் என்ற சிற்றூரில் தொடங்கி, தெற்கே மத்தியதரைக் கடற்கரையிலுள்ள கப் தக்து என்ற இடத்தை அடைகின்றது. நீளம் ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். இதனை ஒரே மூச்சிற் கடப்போர் சிலரே. பலர் ஆண்டுக்கு ஒரு வாரமாகப் பங்கிட்டு முடிப்பர். இப்பாதையின் சிறப்பு நீளத்தில் இல்லை. சில்லின் கீழ் மண் மாறிக்கொண்டே வருவதுதான் இதன் சுவை. மோர்வானில் கருங்கல்லும் காடும். இலைச்சருகு மூடிய ஈர வழி. பின்னர் ஒவேர்ஞ் பகுதியின் எரிமலை வரிசை. பியுய் த தோம் என்ற 1,465 மீற்றர் உயரமான சிகரத்தைச் சூழ்ந்து, அவிந்துபோன ஏறத்தாழ எண்பது எரிமலைகள் புல் போர்த்து நிற்கும். அங்கே நிலம் கருமையும் செம்மையுமான எரிமலைச் சரளை. மழை பெய்தாலும் நீர் தேங்காது, ஆனால் சரிவிலே சில்லு புதையும்.

அதன்பின் ஒப்ரக் மேட்டுநிலம். வீடும் மரமும் அரிதான பெரும் புல்வெளி. இடையிடையே கல்லாற் கட்டிய சிறு குடில்கள் தனித்து நிற்கும்; கோடையில் மாடுகளோடு ஏறி வந்த இடையர் அங்கே தங்கிப் பாற்கட்டி செய்தனர். பழுப்பு நிறத்து ஒப்ரக் மாடுகள், கண்ணுக்கு மை தீட்டியவைபோலத் தோன்றுபவை, பாதையின் குறுக்கே படுத்திருந்தால் சைக்கிளோட்டிதான் விலகிச் செல்ல வேண்டும். அதற்கும் தெற்கே கோசு எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்கள். பெய்த மழையெல்லாம் பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுவதால், மேலே ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. ஆடுகள் நீரருந்துவதற்கெனக் கல் பாவிய வட்டக் கேணிகளை முன்னோர் அமைத்திருக்கின்றனர். அந்த ஆடுகளின் பாலிலிருந்தே ரொக்போர் என்ற புகழ்பெற்ற பாற்கட்டி செய்யப்படுகின்றது. கோசு நிலத்தில் பயணஞ்செய்பவர் நண்பகலுக்கு முன்னரே தண்ணீர்ப் போத்தலின் அடியைக் கண்டுவிடுவார். அப்பொழுதுதான் அக்கேணியை வெட்டியவரின் அருமை தெரியும். பின்னர் செவென் மலைகளின் தகட்டுப் பாறையும் செஸ்நட் தோப்புக்களும். அவற்றைத் தாண்டித் திராட்சைத் தோட்டங்களும் கடலும்.

நெடும்பாதையைவிட, ஊர்தோறும் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டமே இவ்விளையாட்டின் உயிர்நிலை எனலாம். பிரித்தனியிலும் பிற மாகாணங்களிலும் சிற்றூர்ச் சங்கமொன்று ஆண்டுக்கொரு முறை இதனை நடத்தும். இது பந்தயமன்று, முதல் வந்தவர் பெயரை எவரும் எழுதுவதில்லை. இருபது, முப்பத்தைந்து, ஐம்பது கிலோமீற்றர் என வெவ்வேறு நீளங்களில் வழி வகுத்து, சந்திகளில் சுண்ணாம்பினாலோ பலகையினாலோ அம்புக்குறி இடுவர். பாதி வழியில் ஒரு களஞ்சியத்தின் முன்றிலில் மேசை போட்டிருக்கும். பாணும், பன்றியிறைச்சித் துண்டும், பாற்கட்டியும், உலர்ந்த பழமும், குளிர்காலமாயின் சூடான சூப்பும் பரிமாறப்படும். கடைசியில் சைக்கிளைக் கழுவத் தண்ணீர்க்குழாய் வரிசை. இவ்வளவே வெளியார் காண்பது.

காணாதது அதற்கு முந்திய இரண்டு மாத வேலை. சங்கத்தினர் சனிக்கிழமை தோறும் அரிவாளும் வாளும் எடுத்துச் சென்று, ஒழுங்கையை மூடிய முட்பற்றைகளை வெட்டுகின்றனர். விழுந்த மரங்களை அகற்றுகின்றனர். மழைநீர் வழிந்தோடச் சாய்வாக வாய்க்கால் கீறுகின்றனர். தனியார் காணி வழியாகச் செல்லவேண்டிய இடங்களில் வீடு வீடாகச் சென்று சம்மதம் கேட்கின்றனர். "அந்த ஒருநாள் மாத்திரம்" என்ற நிபந்தனையோடு பல கமக்காரர் கதவைத் திறக்கின்றனர். அந்த நிபந்தனையை மதிக்காது மறுவாரமும் அவ்வழியே ஓடுகின்றவர் ஒருவர் இருவர் இருந்தால் போதும். அடுத்த ஆண்டில் கதவு திறக்காது. சங்கத்தினர் பகைவரென அஞ்சுவது மழையையன்று, இவர்களையே.

மலைச் சைக்கிளின்மேல் குற்றச்சாட்டுகளும் உண்டு. நடையாளர் அதன் வேகத்தைக் குறைகூறுகின்றனர். வளைவில் ஓசையின்றித் திடீரெனத் தோன்றுகின்ற வண்டி, முதியவரைத் திடுக்கிடச் செய்யும். இக்குறை நியாயமானது, வேகத்தைத் தணித்து, மணியடித்து, நடப்பவருக்கு வழிவிடுவதொன்றே பரிகாரம். சைக்கிள் பாதையை அரித்துவிடுகின்றது என்பது மற்றொரு குற்றச்சாட்டு. இதனை ஆராய்ந்தோர் கண்டது சற்று வேறு. 1994 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மொன்தானா மாநிலத்து மலைப்பாதைகளில் நடையாளர், குதிரை, மோட்டார்ச் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றின் விளைவுகள் ஒப்பிட்டு அளக்கப்பட்டன. நனைந்த பாதையில் சில்லுகளைவிடக் கால்களும் குளம்புகளுமே கூடுதலான மண்ணைப் பெயர்த்தன. இதனால் சைக்கிள் குற்றமற்றது எனக் கொள்ளல் ஆகாது. இறக்கத்தில் பின்சில்லை இறுகப் பூட்டிச் சறுக்கிச் செல்பவர், ஒரு நீண்ட கோட்டை மண்ணிலே கீறிவிடுகின்றார். அடுத்த மழை அக்கோட்டை வாய்க்காலாக்கும். சேற்றுக்குட்டையைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரமாக விலகினால், ஒருமுழப் பாதை மூன்று ஆண்டில் ஒரு தெருவின் அகலத்துக்கு விரியும்.

வேட்டைக்காலம் பற்றியும் கூறவேண்டும். செப்டெம்பர் தொடங்கிப் பெப்ரவரி முடிய நாட்டுப்புறக் காடுகளில் வேட்டை நடைபெறும். சைக்கிளோட்டத்துக்கு இனிய இலையுதிர் காலமும் அதுவே. 2018 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆல்ப்சு மலைப்புறத்திலே மலைச் சைக்கிளோட்டி ஒருவர் வேட்டைக்காரரின் குண்டுபட்டு இறந்தார். அச்செய்தி நாட்டை உலுக்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டையைத் தடைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை.

இனி, இப்பாதைகளின் உரிமை பற்றிய செய்தி. நேயர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டிய பகுதி இது. ஏனெனில், ஓர் ஒழுங்கை வாழ்வதும் சாவதும் இதிலேயே தங்கியுள்ளது. பிரான்சில் ஏறத்தாழ 35,000 கிராமசபைகளும் நகரசபைகளும் உள. ஒவ்வொரு சபைக்கும் இருவகைப் பாதைகள் உரியன. முதலாவது, சபைத் தெரு. அது பொதுச் சொத்து. எவரும் அதனை எத்தனை ஆண்டு ஆண்டாலும் சொந்தமாக்கிக்கொள்ள இயலாது. இரண்டாவது, நாட்டுப்புறப் பாதை. 1881 ஆம் ஆண்டின் சட்டமொன்று இவ்வகைப் பாதைகளை முறைப்படுத்தியது. 1959 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்றைய பாகுபாட்டை நிலைநிறுத்தியது. நாட்டுப்புறப் பாதையைப் பொதுமக்கள் யாவரும் பயன்படுத்தலாம். ஆயினும், சட்டப்படி அது சபையின் தனிச் சொத்துப் போன்றதே. சபை அதனைப் பேணியே ஆக வேண்டும் என்ற பொதுக் கடமையும் இல்லை. பொதுப் பயன்பாடு அற்றுப்போயின், விசாரணை நடத்தி விற்கவும் செய்யலாம். எல்லாவற்றிலும் கொடியது யாதெனின், அயற்காணிக்காரர் அப்பாதையை உழுது தம் வயலோடு சேர்த்து முப்பது ஆண்டு எதிர்ப்பின்றி ஆண்டுவிட்டால், நீண்டகால ஆட்சியின் பேரில் அது அவருக்கே உரித்தாகிவிடலாம்.

முப்பது ஆண்டு என்பது ஒரு தலைமுறை. வழியைத் தெரிந்த முதியவர் இறந்துபோவார். இளையவர் பட்டணத்தில் வாழ்வார். ஆண்டுக்கு ஒரு சால் கூட்டி உழுபவருக்கு அவ்வளவே போதும்.

இதற்கு மாற்றும் அச்சட்டத்திலேயே இருக்கின்றது. ஒரு பாதை பொதுமக்களுக்கு உரியதா என்ற கேள்வி எழும்போது, அது போக்குவரத்து வழியாகப் பயன்பட்டு வருவதே முதற் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. போக்குவரத்து என்றால் வண்டிதான் வேண்டும் என்றில்லை. நடப்பவரின் காலடியும் சைக்கிளின் தடமும் அவ்வாறே செல்லுபடியாகும். ஆகவே, மழையில் நனைந்து சேற்றில் உருளும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தான் அறிந்தோ அறியாமலோ, ஊரின் உறுதிப் பத்திரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கையொப்பம் இடுகின்றது எனலாம்.

எழுத்திலும் பாதுகாப்பு உண்டு. 1983 ஆம் ஆண்டின் சட்டமொன்று, உலாவும் பாதைகளின் பட்டியலொன்றை வகுக்கும் பொறுப்பை மாவட்ட சபைகளிடம் ஒப்படைத்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற நாட்டுப்புறப் பாதையைக் கிராமசபை விற்க விரும்பினால், வழி அறுந்துபோகாதவாறு வேறொரு பாதையை ஈடாகக் காட்டவேண்டும். காட்டாவிடின் விற்பனை செல்லாது. 1991 ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் மோட்டார் பூட்டிய வண்டிகளைத் திறந்த தெருக்களுக்கு அப்பால் இயற்கைவெளியில் ஓடாதவாறு தடுத்தது. மலைச் சைக்கிளை அது தொடவில்லை.

அண்மைக்காலச் சட்டங்கள் இரண்டு ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. 2023 பெப்ரவரி 2 ஆம் திகதிச் சட்டம், காடுகளைச் சுற்றி உயர்ந்த கம்பிவேலி அடைப்பதைக் கட்டுப்படுத்தியது. காட்டு விலங்குகள் நடமாட இடம் வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால், அதற்கு ஈடுசெய்வது போல, தனியார் காணி என்று அறிவித்தல் இட்ட காட்டிலோ வயல்வெளியிலோ அனுமதியின்றி நுழைவது தண்டத்துக்குரிய குற்றம் என்றும் அதே சட்டம் விதித்தது. தண்டம் 135 இயூரோ. அவ்வாண்டிலேயே ஆல்ப்சு மலையடியில் சார்த்ரூஸ் தொடரிலுள்ள இயற்கை ஒதுக்கிடத்தில், தனியார் உடைமையான ஏறத்தாழ 750 எக்டயர் நிலத்துக்கு இத்தகைய அறிவித்தல் வைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே நடந்தவர்கள் ஊர்வலம் சென்று கண்டித்தனர். விலங்குக்குத் திறந்த கதவு மனிதனுக்கு மூடியது என்று அவர்கள் மனங்கசந்தமை விளங்கிக்கொள்ளக் கூடியதே. அடையாளமிட்ட நெடுந்தூர நடைபாதைகள் மாத்திரம் அங்கே திறந்திருந்தன.

மற்றையது 2022 பெப்ரவரி 21 ஆம் திகதிச் சட்டம். இது பாதையின் பக்கம் நிற்பது. கிராமசபை தன் எல்லைக்குட்பட்ட நாட்டுப்புறப் பாதைகளைக் கணக்கெடுக்கத் தீர்மானித்த அன்றே, அயலவரின் முப்பதாண்டு ஆட்சிக் கணக்கு நின்றுவிடும். பொதுமக்களின் விசாரணையும் இதற்கு வேண்டும். வயலின் நடுவே செல்லும் பாதையை ஓரத்துப் பாதையோடு மாற்றிக்கொள்ளவும், வழியின் தொடர்ச்சி குலையாதிருந்தால், இச்சட்டம் இடமளிக்கின்றது. கமக்காரருக்கும் பாதையாளருக்கும் ஒருங்கே உதவும் ஏற்பாடு அது. ஆயின், கணக்கெடுப்புக்கு வழங்கிய தவணை ஆகக்கூடியது இரண்டு ஆண்டு. சிற்றூர்களின் சபைக்கு எழுதுவினைஞர் ஒருவரே இருப்பார். அவரும் வாரத்தில் இரண்டு நாளே வருவார். இதனாற் பல ஊர்களில், நெப்போலியன் காலத்துக் காணிப் படத்தின் பிரதியைக் கையிலேந்தி, ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று, எது திறந்திருக்கின்றது, எது முள்மூடியது, எது உழப்பட்டுவிட்டது என்று குறித்துவரும் பணி நடைச் சங்கத்தாரிடமும் சைக்கிள் சங்கத்தாரிடமும் வந்து சேர்ந்திருக்கின்றது.